சேர்ந்து பாடும் பொறுப்பு

பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா நெருங்கிவிட்டால், மாலை வேளையில் ஏதேனும் ஒரு வகுப்பறையிலிருந்து ஆர்மோனியத்தின் ஒலியும், அதனைப் பின்பற்றி இருபது முப்பது சிறுவர் சிறுமியரின் குரலும் எழுவதைக் கேட்கலாம். இதனைச் சேர்ந்திசை என்கிறோம். விழா முடிந்ததும் மறந்தும் விடுகிறோம். பொழுதுபோக்கு என்று பலராலும் கருதப்படும் இந்தப் பயிற்சி, பொறுப்பு என்னும் பண்பை வேறெந்தப் பாடத்தையும் விடச் செம்மையாகக் கற்பிக்க வல்லது என்பதே என் கருத்து.

தனியாகப் பாடுகிறவனின் பொறுப்பு வெளிப்படையானது. சுருதி விலகினால் சபை முகம் சுளிக்கும். தாளம் தப்பினால் மிருதங்கக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். கூட்டத்தில் பாடுகிறவனுக்கு அத்தகைய காவல் இல்லை. எங்கள் திருச்சானூரில் கார்த்திகைப் பிரம்மோற்சவத்தின்போது பத்மாவதித் தாயாரின் தேர் வடத்தை எத்தனையோ கைகள் பற்றியிருக்கும். இழுக்கின்ற கை எது, வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கும் கை எது என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. ஆயினும் எல்லாக் கைகளும் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் தேர் நிலையை விட்டு நகராது. சேர்ந்திசையும் அப்படித்தான். வாயை மட்டும் அசைத்துவிட்டு ஒரு சிறுவன் தப்பித்துக்கொள்ளலாம். அதனை அறிந்தவன் அவன் ஒருவனே. பிறர் காணாத இடத்திலும் தன் பங்கைச் செலுத்தும் பழக்கம் அவனுக்கு வருமானால், அது பாட்டோடு நின்றுவிடாது.

சேர்ந்திசையில் ஒரு நுட்பம் உண்டு. ஒருவருடைய மூச்சுக்கு எட்டாத நீண்ட கார்வை வரும்போது எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் இசை அறுந்துவிடும். ஆகவே அண்டையில் நிற்பவர்கள் மாறி மாறி மூச்சு வாங்குகிறார்கள். ஒருவன் ஓய்கின்ற நொடியில் மற்றவன் தாங்குகிறான். ஓய்ந்தவன் ஓசைப்படாமல் மெல்லிய குரலில் மீண்டும் வந்து கலக்கிறான். கேட்பவர்களுக்கோ அறுபடாத ஒரே நாதம்! இதிலே இருவகைக் கல்வி இருக்கிறது. களைத்தவன் ஓய்ந்துகொள்ளலாம் என்பது ஒன்று. அந்த ஓய்வு இன்னொருவன் தாங்குவதால் கிடைத்தது, அதனை அவனுக்குத் திருப்பித் தரவேண்டும் என்பது மற்றொன்று.

ஒத்திகைக்கு வராமல் இருப்பது சிறு குற்றமன்று என்பதற்கும் இதுவே காரணம். வராத சிறுவன் தன் பாடத்தை மட்டும் இழக்கவில்லை; அவன் குரலைக் கேட்டுத் தன் குரலை நிறுத்தப் பழகிய பக்கத்துச் சிறுமியும் தடுமாறுகிறாள். இரண்டாம் குரலுக்கு நால்வர் இருந்து ஒருவர் வாராவிடில் அந்தக் குரலில் கால் பங்கு போய்விட்டது. தனிப்பயிற்சி வகுப்பு இருக்கிறதென்று பிள்ளையை ஒத்திகையிலிருந்து அழைத்துச் செல்லும் பெற்றோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாணவர் குரல்களிடம் ஒரு பெரும் பொருள் ஒப்படைக்கப்பட்ட நிகழ்ச்சி, பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியிலேயே நடந்திருக்கிறது. 1919ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இரவீந்திரநாத தாகூர் அங்கே பெசன்ட் தியாசபிகல் கல்லூரியில் தங்கியிருந்தார். அவர் ‘ஜன கண மன’ பாடலைப் பாட, மாணவர்கள் உடன் சேர்ந்து பாடினார்கள். இசையில் பட்டம் பெற்றவரான மார்கரெட் கசின்ஸ் அம்மையார் அதற்குச் சுரக்குறிப்பு எழுதினார். அதே இடத்தில் தாகூர் தம் பாடலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் தந்தார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதிலே தனி மகிழ்ச்சி. மொழிபெயர்ப்பு, சுரக்குறிப்பு ஆகிய இரண்டும் ஒருவர் உள்ளத்தில் இருப்பதைப் பலருடைய வாய்க்குக் கொண்டு சேர்க்கும் பணிகளல்லவா? 1950ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் அப்பாடல் நாட்டுப்பண்ணாக ஏற்கப்பட்டது.

சித்தூரில் 1925ஆம் ஆண்டு பிறந்த எம். பி. சீனிவாசன் அவர்களையும் இங்கே நினைத்தல் தகும். திரைப்படங்களுக்கு இசையமைத்துப் புகழ்பெற்ற அவர், 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்தார். பாரதியாரின் பாடல்களைப் பல குரல்கள் இழைந்து பாடும்படி வகுத்தார். பல மொழிப் பாடல்களைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதிலும் ஈடுபட்டார். 1988இல் மறையும் வரை சேர்ந்திசையை அவர் கைவிடவில்லை.

இனி, பொறுப்பு என்பது ஒருவழிப் பாதையன்று. பிள்ளை குழுவுக்குக் கடமைப்பட்டிருப்பதைப் போலவே குழுவும் பிள்ளைக்குக் கடமைப்பட்டிருக்கிறது. சுருதி சேராத சிறுவனிடம், “நீ பாடாதே, வாயை மட்டும் அசைத்துக்கொள்” என்று சொல்லும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று நாமே கற்பித்துவிட்டு, பின்பு இளைஞர்களிடம் பொறுப்பில்லை என்று குறைகூறுவது எங்ஙனம் பொருந்தும்? அவனுக்கு எட்டுகின்ற சுருதியைத் தேர்ந்தெடுத்து, உறுதியான இரு குரல்களுக்கு நடுவே நிறுத்திப் பொறுமையாகப் பழக்கினால், மெல்ல மெல்லச் சேர்ந்துகொள்ளும் பிள்ளைகள் பலர். பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும் சிறுவர்களுக்கும் தாழ்ந்த சுரங்களும் சிறிது ஓய்வுமே தேவை, வெளியேற்றம் அன்று.

சேர்ந்திசைக் குழு இல்லாத பள்ளி என்று உண்மையில் எதுவும் இல்லை. நாட்டுப்பண்ணை முழுமையாகப் பாட ஏறத்தாழ 52 விநாடிகள் ஆகும். அதனைப் பாட அணிவகுத்து நிற்கும் ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் குழுவின் உறுப்பினரே. அந்த 52 விநாடியில் தன் குரலைத் தான் தருவது, பக்கத்துக் குரலைக் கேட்பது, அதற்கு மேலே ஓங்காமலும் அதன் மறைவில் ஒளியாமலும் நிற்பது என்னும் இம்மூன்றையும் ஆசிரியர்கள் கற்பிப்பாராக. உடன் நிற்கும் ஆசிரியர்களும் வாய் திறந்து பாடுவாராயின், அதற்கு மேல் வேறு போதனை தேவைப்படாது.