பெடல் கெட்டியாக இருந்தால் போதுமா?

காரின் பிரேக்கில் உள்ள ஏபிஎஸ் யூனிட்டை மாற்றியபின் செய்யவேண்டிய ஒரு வேலையைப் பற்றி இன்று பேசுவோம். ஒர்க்‌ஷாப்பில் இதை 'ஏர் எடுக்கிறது' என்பார்கள்.

பிரேக் ஆயில் அழுத்தினால் சுருங்காது. அதனால்தான் பெடலில் கொடுக்கும் அழுத்தம் சக்கரம் வரை போய்ச் சேருகிறது. காற்று அப்படியல்ல, சுருங்கும். குழாயில் குமிழ் இருந்தால் மிதிப்பதில் பாதி அதை நசுக்குவதிலேயே வீணாகும். பெடல் பஞ்சுபோல அமுங்கும். ஆகவே ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே நிப்பிளைத் திறந்து மூடி, குமிழ் நிற்கும்வரை ஆயிலை வெளியே விடுவார்.

ஏபிஎஸ் யூனிட்டை மாற்றும்போது பல கார்களில் இது மட்டும் போதாது. 1978இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் மெர்சிடிஸ் காரில் வந்த காலம் முதல் அதன் வேலை ஒன்றுதான்: சக்கரம் சுழலாமல் இறுகப் பார்த்தால், அதற்குப் போகும் அழுத்தத்தைச் சட்டென்று குறைத்து மறுபடி கூட்டுவது. குறைப்பதற்கென்று யூனிட்டுக்குள் தனி வால்வுகள் உண்டு. சாதாரணமாக அவை மூடியே இருக்கும். அவற்றுக்கு அப்பால் ஒரு சிறிய அறையும் பம்பும் இருக்கின்றன. அங்கே சிக்கிய காற்றை, நிப்பிளைத் திறந்து எத்தனை முறை மிதித்தாலும் வெளியேற்ற முடியாது.

ஆபத்து இங்கேதான். ஒர்க்‌ஷாப்பில் மிதித்துப் பார்த்தால் பெடல் கெட்டியாகவே இருக்கும். வண்டியும் ஒழுங்காக ஓடும். ஒருநாள் மழையில் அவசரமாக மிதிக்கும்போது ஏபிஎஸ் வேலை செய்யும், வால்வு திறக்கும், ஒளிந்திருந்த காற்று பிரேக் குழாய்க்கு வந்துவிடும். அடுத்த மிதிக்குப் பெடல் கீழே இறங்கும்.

இதற்கு வழி, ஸ்கேனரைக் காரில் இணைத்து வால்வுகளையும் பம்பையும் இயக்கிக்கொண்டே ஏர் எடுப்பது. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும். தயாரிப்பாளர் கையேட்டைப் பார்த்தே செய்யவேண்டும். வேலை முடியும்வரை மேலே ஆயில் டப்பா காலியாகக் கூடாது. காலியானால் காற்று மறுபடி உள்ளே போகும். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றவும் கூடாது. டாட் 4 வகை ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்கவேண்டியது, ஈரம் ஏறினால் 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். கொதித்தால் மறுபடி குமிழ்தான்.

ஏபிஎஸ் என்றாலே ஏர் எடுக்கவேண்டும் என்றும் நினைக்காதீர்கள். சக்கரத்தில் உள்ள வேக சென்சாரை மட்டும் மாற்றினால் ஆயில் குழாயைத் தொடவேண்டியதே இல்லை. பில்லில் ஏர் எடுத்த கூலி இருந்தால் காரணம் கேளுங்கள். யூனிட்டையே மாற்றியிருந்தால், சாவியை வாங்குமுன், "ஸ்கேனர் போட்டு ஏர் எடுத்தீர்களா?" என்று கேளுங்கள். ஆயில் நிரப்பியே வந்த யூனிட் என்றோ, இந்த மாடலுக்கு ஸ்கேனர் தேவையில்லை என்றோ மெக்கானிக் சொன்னால், கையேட்டில் அதைக் காட்டச் சொல்லுங்கள்.