பத்து மணிக்குப் போக ஓர் இடம்



இந்தப் புளியந்தோப்புக் கூட்டத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் பின்னி மில் சங்கொலி கேட்டு எழுந்து, அதே சங்கொலிக்கு வேலை முடித்து வந்தவர்கள். பின்னியின் பக்கிங்ஹாம் மில், கர்னாட்டிக் மில் இரண்டும் 1996இல் மூடப்பட்டன. 1975இல் இருபது வயதில் அந்தக் கேட்டுக்குள் நுழைந்த பையனுக்கு இன்று எழுபது ஆகிவிட்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பெரம்பூர் ரயில்வே பட்டறையில் இரும்பு அடித்தவர், ஆட்டுத்தொட்டி இறைச்சிக்கூடத்தில் கத்தி பிடித்தவர், வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த அம்மா என்று புளியந்தோப்பின் முதுமைக்குப் பல முகங்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு கேள்வி உண்டு. காலை பத்து மணிக்கு எங்கே போவது?

வீடு ஒற்றை அறை. மகன் வேலைக்குப் போய்விடுகிறான், மருமகளும் போய்விடுகிறாள், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கு. இரவு ஷிப்ட் முடித்த இன்னொரு பிள்ளை அதே அறையில் தூங்க வேண்டும். பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருகிறார். டீக்கடை பெஞ்சில் ஒரு டீயை அரை மணி நேரம் குடிக்கும் வித்தை அவருக்குக் கைவந்திருக்கிறது. கடைக்காரரும் கொஞ்ச நேரம் பொறுப்பார், பிறகு துணியை எடுத்துப் பெஞ்சைத் துடைக்க ஆரம்பிப்பார். எழுந்துவிட வேண்டும் என்று அர்த்தம். அங்கிருந்து கோயில் திண்ணை, பள்ளிவாசல் நிழல், பஸ் ஸ்டாப்பு. பெண்களுக்கு அதுவும் கிடையாது. அவர்களுக்குப் படிக்கட்டுதான்.

இந்தப் பேட்டைக்கு ஒரு பழைய கதை உண்டு. நூறு வருடங்களுக்கு முன்னால் இதே மில் தொழிலாளிகளுக்கு இருந்த குறை நேர் எதிரானது. மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த இடைவேளை போதவில்லை. வாயில் வைத்ததை விழுங்குவதற்குள் சங்கு ஊதிவிடும். அப்போது பெரம்பூர்ப் பக்கம் வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்று ஒன்று இருந்தது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இரண்டு வியாபாரிகள் அதை நடத்தினார்கள். சமயச் சொற்பொழிவு கேட்க வந்த தொழிலாளிகள், பேச்சு முடிந்த பிறகு தங்கள் கஷ்டத்தையும் பேசினார்கள். அந்தப் பேச்சு வளர்ந்து, தலைமை ஏற்க பி.பி. வாடியாவை அழைத்து வந்து, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கமாக உருவெடுத்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றுப் புத்தகங்கள் அதைத்தான் சொல்கின்றன. திரு.வி.க. அதில் முன்னணியில் நின்றார். இன்று புளியந்தோப்பு அடங்கியிருக்கும் மாநகராட்சி மண்டலத்துக்கே அவர் பெயர்தான்.

சில நிமிடம் கூடுதலாகக் கேட்டுப் போராடிய மில் தொழிலாளிகளின் பேரன்கள் கையில் இன்று மதியம் முழுவதும் இருக்கிறது. உட்கார சபைதான் இல்லை.

அப்படி ஒரு சபையாக முதியோர் மையம் வேண்டும் என்றதும் பலர் முகம் சுளிப்பதுண்டு. முதியோர் இல்லத்தை நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. இல்லம் என்பது போக்கிடம் இல்லாதவர்களுக்கு. இங்கே கேட்பது காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் இடம். நியூயார்க் நகரத்துப் பிராங்ஸ் பகுதியில் 1943இல் இப்படி ஒரு மையம் தொடங்கினார்கள். அமெரிக்காவின் முதல் மூத்தோர் மையம் என்று அதைச் சொல்வார்கள். உதவித்தொகை அலுவலகத்துக்கு வரும் முதியவர்கள் வேலை முடிந்த பிறகும் பேச்சுத் துணைக்காகவே உட்கார்ந்திருப்பதை அங்கிருந்த சமூகப் பணியாளர்கள் கவனித்தார்கள். அதிலிருந்து பிறந்த யோசனை அது. இலங்கையில் 2000ஆம் ஆண்டு மூத்தோர் உரிமைகளுக்கெனத் தனிச் சட்டம் வந்த பிறகு ஊர்தோறும் முதியோர் சங்கங்கள் ஏற்பட்டன. யாழ்ப்பாணத்துச் சின்ன ஊர்களில்கூட அவை கூட்டம் போடுகின்றன, விழா எடுக்கின்றன.

தனிமையைப் பெரிய வீட்டுக்காரர்களின் வியாதி என்று யாராவது சொன்னால் உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையைக் காட்டலாம். ஆண்டுக்கு 8,71,000 மரணங்களைத் தனிமையோடு அது தொடர்புபடுத்துகிறது. மணிக்கு நூறு பேர். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அறுபதைக் கடந்தவர்கள் 2021 கணிப்பில் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம் ஆவார்கள். கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் பங்கு அதிகமுள்ள மாநிலம் நம்முடையது.

அரசு சும்மா இருக்கவில்லை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 25 ‘அன்புச்சோலை’ மையங்கள் 10 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டன. பகலில் வந்து போகும் மையங்கள்தான் இவை. நல்ல திட்டம். ஆனால் மாநிலம் முழுவதற்கும் 25 என்றால் புளியந்தோப்பு வரிசையில் எத்தனையாவது இடத்தில் நிற்கும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை. கொளத்தூரில் 2024இல் இளைஞர்களுக்காக ‘முதல்வர் படைப்பகம்’ திறந்தார்கள். பிள்ளைகள் ஏசி அறையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள், மகிழ்ச்சி. அந்தப் பிள்ளைகளின் தாத்தாவுக்கும் ஒரு ஃபேனும் நாற்காலியும் கேட்பது பேராசை ஆகாது.

சரி, மையத்தில் என்ன செய்வது? யோகா, பஜனை, பி.பி. பார்ப்பது என்றே பட்டியல் போடுவார்கள். மூன்றும் வேண்டியவைதான். ஆனால் வடசென்னைப் பெரியவரை இழுத்து வர கேரம் போர்டு ஒன்று போதும். பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். இந்த மண்ணில் தெருவுக்குத் தெரு போர்டு உண்டு, ஆனால் அதைச் சுற்றி நிற்பவர்கள் எல்லாம் இளவட்டங்கள். எழுபது வயதுக்காரரிடம் ஸ்டிரைக்கரைக் கொடுத்துப் பாருங்கள். போரிக் பவுடரைத் தூவி, உள்ளங்கையால் ஒரு சுற்றுத் தேய்த்து, கண்ணை இடுக்கிக்கொண்டு ஓரத்து ரெட்டை அவர் குறிபார்க்கும்போது முட்டிவலி எங்கே போனது என்று கேட்பீர்கள். பெண்களுக்குத் தாயமும் பல்லாங்குழியும் இருக்கின்றன. கானா பாடத் தெரிந்த கிழவர்கள் இந்தப் பக்கம் குறைவா என்ன? அவர்களைச் சாவு வீட்டுக்கு மட்டும் கூப்பிடாமல் மாதம் ஒருமுறை மையத்துக்கும் கூப்பிடலாம். மில் வேலை, ஸ்டிரைக், மூடிய நாள் எல்லாவற்றையும் வாயால் சொல்ல ஆளிருக்கும்போதே செல்போனில் பதிந்து வைத்தால் அதுவே ஒரு ஆவணமாகும்.

வெளியே அழைத்துப் போவது அடுத்தது. இந்து சமய அறநிலையத்துறை அறுபதிலிருந்து எழுபது வயது வரை உள்ளவர்களை அறுபடை வீடுகளுக்கு இலவசமாக அழைத்துப் போகிறது. காசிக்கு 2022-23இல் 200 பேரில் தொடங்கி ஆண்டுக்காண்டு எண்ணிக்கையைக் கூட்டியது. போய் வந்தவர்கள் மாதக்கணக்கில் அதையே பேசுகிறார்கள். எழுபத்தோரு வயதானவர்? அப்துல்லா பாய்? அந்தோணியம்மா? அவர்களுக்கும் காற்று வேண்டாமா? ரயிலில் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் என்றிருந்த மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை.

தூரம் போகத்தான் வேண்டும் என்பதில்லை. மாநகரப் பேருந்தில் அறுபது கடந்தவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் 2016 முதல் உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு எப்போதும் இலவசம். ராயபுரம் ரயில் நிலையம் வெகு தூரமில்லை. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அந்தத் தூண்களின் கீழ் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிடக் காசு வேண்டாம். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் திருவொற்றியூர்த் தேரடி. லிப்ட் இருப்பதால் படி ஏறும் கவலை இல்லை. வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதிக்கும் போய் வரலாம். ஏற்பாடு செய்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது கோயில் நடை திறக்கும் நேரம் இல்லை, கழிப்பறை. அது எங்கே இருக்கிறது என்று தெரியாததால்தான் பாதிப் பெண்கள் வரமாட்டேன் என்கிறார்கள். வந்தாலும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள்.

பணம்? எல்லாக் கூட்டமும் வந்து முட்டிக்கொள்ளும் இடம் இது. ஒரு கணக்கைப் பாருங்கள். அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு 320 ரூபாய். மாதத்தில் 25 நாள் என்றால் 8,000. நம் தெருமுனையில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குக் கட்டும் பேனர் செலவே இதற்கு ஈடாகாதா?

வசூலில் வடசென்னை புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. 1782இல் ஹைதர் அலி போரும் பஞ்சமும் கிராமத்து ஜனங்களைச் சென்னைக்குத் துரத்தியபோது ராயபுரம் பக்கம் கஞ்சி ஊற்ற எழுந்ததுதான் மணியக்காரர் சத்திரம். ஊர் கொடுத்தது, அரசாங்கமும் கொடுத்தது. அந்தக் கஞ்சித்தொட்டியை ஒட்டி வளர்ந்த மருத்துவமனைதான் பின்னாளில் ஸ்டான்லி ஆனது. சத்திரம் இன்றும் ஆதரவற்ற முதியோருக்கு இடம் தருகிறது. ரம்ஜான் மாதம் நம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி ஊற்றுவதும் அப்படித்தான்.

எனவே வசூலைப் பெரியவர்களே நடத்தட்டும். கேரம் போட்டி வைத்து நுழைவுக் கட்டணம் வாங்கட்டும். கானா இரவுக்கு டிக்கெட் போடட்டும். காசிமேட்டுக் கருவாட்டில் தொக்கு செய்து, வடகம் பிழிந்து, ஊறுகாய் போட்டு, திருவிழா நாளில் கடை விரிக்கட்டும். இருபது வருடம் தீபாவளிச் சீட்டு நடத்தி ஒரு பைசா பிசகாத அம்மாக்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களைவிட நல்ல பொருளாளர் எந்தச் சங்கத்துக்குக் கிடைப்பார்? கொடுத்தவருக்கு ரசீது, வங்கியில் இரண்டு கையெழுத்து, மாதம் முடிந்ததும் வரவு செலவு வாசல் பலகையில். மேடையில் வரிசையாக நிறுத்தி ஒரு சேலை கொடுத்து ஐந்து போட்டோ எடுக்கும் வழக்கத்துக்கு மட்டும் அந்த வாசலில் அனுமதி வேண்டாம்.

சில்லறையில் சாப்பாடு நடக்கும், கட்டடம் நடக்காது. அதற்குச் சட்டம் வழிகாட்டுகிறது. கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிக்கு என்று அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை சொல்கிறது. முதியோர் பகல்நேர மையம் என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. எண்ணூரிலிருந்து மணலி வரை லாரி, எண்ணெய், டயர், துறைமுகம் என்று நிற்கும் நிறுவனங்களின் புகையை இந்த ஜனங்கள்தான் சுவாசித்தார்கள். கேட்க உரிமை இருக்கிறது. அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்திலும் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதி வரும். வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் தொடங்கியபோதே அதன் மதிப்பு 4,181 கோடி.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 1921இல் மில் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டபோது இதே புளியந்தோப்பில் சாதியின் பேரால் தொழிலாளி தொழிலாளிக்கு எதிராகத் திரும்பினான். குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. சென்னைத் தொழிலாளர் சங்கம் அதில் தளர்ந்தது. ஆகவே இந்த மையம் ஒரு கோயிலின் இடமாகவோ ஒரு கட்சியின் இடமாகவோ ஒரு தெருவின் இடமாகவோ இருக்கக் கூடாது. ஆட்டுத்தொட்டிக்காரரும் பென்ஷன் வாங்கும் கிளார்க்கும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும்.

கட்டடம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மாநகராட்சியின் சமூகநலக்கூடங்கள் முகூர்த்தம் இல்லாத நாளில் பூட்டியே கிடக்கின்றன. ஆடியிலும் மார்கழியிலும் கேட்கவே வேண்டாம். வார நாட்களில் காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை அதில் ஒன்றைத் திறந்துவிடுங்கள் என்று திரு.வி.க. நகர் மண்டல அலுவலகத்துக்கு எழுதிய மனு இதோ இந்த மேசை மேல் இருக்கிறது. வீட்டுக்குப் போகும்முன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டியும் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள்.