மீண்டும் புழக்கத்தில்



ஆங்கிலத்தில் 'பேக் இன் சர்குலேஷன்' என்பார்கள். நோய், துக்கம், மணமுறிவு என்று ஏதோ ஒன்றால் வீட்டோடு முடங்கியவர் திரும்பவும் நாலு பேரோடு பழக வந்துவிட்டார் என்று அர்த்தம். ரூபாய் நோட்டுக்குச் சொல்லும் அதே வார்த்தைதான்.

நோட்டிலே ஒரு விஷயம் கவனியுங்கள். 2016 நவம்பரில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 2023 மே மாதம் 2000 ரூபாய் நோட்டைப் புழக்கத்திலிருந்து எடுப்பதாக அறிவித்த ரிசர்வ் வங்கியோ, அது செல்லும் என்றும் சேர்த்தே சொன்னது. புழக்கத்தில் இல்லாதது வேறு, செல்லாதது வேறு. வேலை போனதும் நம்ம ஆள் ஒதுங்கிவிடுகிறான். நாமும் "அவன் எங்கேப்பா வரப்போறான்" என்று பெயரை அடித்துவிடுகிறோம். அரியர் வைத்துவிட்டு ரூமைப் பூட்டிக்கொள்ளும் தம்பிகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் செட்டில் ஒருவன், மனைவி இறந்தபின் எந்தச் சந்திப்புக்கும் வரவில்லை. அழைப்பிதழ் அனுப்பிக்கொண்டேதான் இருந்தோம், அசையவில்லை. இந்த முறை அவனுடைய ஹாஸ்டல் ரூம்மேட் நேரே வீட்டுக்கே போய், "கிளம்புடா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான். அவ்வளவுதான். இப்போ மெஸ் பக்கம் யாரையோ வம்புக்கு இழுத்துக்கிட்டு இருக்கான்.