நிலமின்றி வந்த விடுதலை

(அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றதும் லிங்கனின் பெயரே நம் நினைவுக்கு வருகிறது. முதலாம் அகிலத்தின் சார்பில் மார்க்ஸ் வாழ்த்து மடல் வரைந்ததும் அவருக்குத்தான். ஆனால், நிலத்தைத் தொடாமல் அடிமை முறையின் வேரை அறுக்க முடியாது என்று வாதிட்டவர் வேறொருவர்: பென்சில்வேனியாவின் வழக்கறிஞர் தாடியஸ் ஸ்டீவன்ஸ்.

1792-இல் வெர்மான்ட் மாநிலத்தின் ஏழைக் குடும்பமொன்றில், ஊனமுற்ற காலுடன் பிறந்தவர். அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. 1821-இல், விடுதலை கோரிய ஓர் அடிமைப் பெண்ணுக்கு எதிராக உடைமையாளர் தரப்பில் வாதாடி வென்றார். அப்பெண்ணும் பிள்ளைகளும் அடிமைத்தளையிலேயே வைக்கப்பட்டனர். அதே மனிதர்தான் பின்னர் தப்பியோடி வந்த அடிமைகளுக்காக நீதிமன்றம் ஏறினார். கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்த 1838-ஆம் ஆண்டு மாநில அரசியல் சட்டத்தில் கையெழுத்திட மறுத்தார்.

போர் முடிந்தபின் 1865 செப்டம்பரில் லான்காஸ்டர் நகரில் அவர் ஆற்றிய உரை முக்கியமானது. அது கணக்கோடு பேசிய உரை. கலகம் செய்த தென்மாநிலங்களின் மொத்த நிலம் 46.5 கோடி ஏக்கர். இதில் 39.4 கோடி ஏக்கர், மாநில அரசுகளிடமும் தலைக்கு 200 ஏக்கருக்கு மேல் வைத்திருந்த சுமார் 70,000 பேரிடமும் இருந்தது. இதைப் பறிமுதல் செய்து, விடுதலை பெற்ற வயதுவந்த ஆண் ஒவ்வொருவருக்கும் 40 ஏக்கர் கொடுத்தாலும் 4 கோடி ஏக்கர்தான் செலவாகும் என்றார். மிச்சத்தை விற்றுப் போர்க்கடனை அடைக்க எண்ணினார். அவர் சோசலிஸ்ட் அல்லர், இரும்பாலை முதலாளி. அந்த ஆலையைத் தென்படை 1863-இல் கொளுத்தியிருந்தது.

1867 மார்ச்சில் இதையே மசோதாவாகக் கொண்டுவந்தார். சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சியே கைவிட்டது. வாக்குரிமை தருவதற்கு இசைந்த வடக்கத்திய முதலாளிகள், சொத்தைத் தொட இசையவில்லை. இன்று தோட்டம் பறிக்கப்பட்டால் நாளை தொழிற்சாலைக்கும் அதே கேள்வி வரும் என்று அஞ்சினர். வர்க்க உணர்வு அவர்களிடம் கூர்மையாகவே இருந்தது!

1868 ஆகஸ்டில் ஸ்டீவன்ஸ் மறைந்தார். நிறப் பாகுபாடு பார்க்கும் இடுகாடுகளை ஒதுக்கி, எல்லா இனத்தாரையும் ஏற்ற சிறிய இடுகாட்டைத் தாமே தேர்ந்திருந்தார்.

தெற்கிலோ, விடுதலை பெற்றவர்களில் பெரும்பாலோர் பழைய எசமானர்களின் நிலத்திலேயே வாரத்துக்கு உழுதனர். விளைச்சலில் பாதி நிலக்காரனுக்குப் போயிற்று. மீதி கடைக்காரனின் கடனுக்குப் போயிற்று.