மூச்சு முட்டும் இசை



மலேசியாவின் சுங்கை ஆயர் தாவாரிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் கோயில் திருவிழா என்றால் உறுமி மேளம் இருந்தாக வேண்டும். அந்த உறுமியின் ஒரு பக்கத்துத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கும்போது ஒரு முனகல் எழுமே, அது காதுக்கு வருமுன் நெஞ்சுக்கு வந்துவிடும். பலருக்கு அருள் வருவதும் அந்த முனகலில்தான். இருண்ட ஒலி நமக்குப் புதிதில்லை என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

நான் பேச வந்தது ‘மாயா’ என்ற மின்னிசைத் தொகுப்பைப் பற்றி. 2010 ஜூலையில் வெளிவந்தது. பாடியவர் எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம். 1975-இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக இலங்கைக்குப் போய், யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986-இல் அகதியாக லண்டன் திரும்பியவர். முதல் தொகுப்புக்கு அப்பாவின் இயக்கப் பெயரை வைத்தார்: ‘அருளர்’, 2005. அடுத்ததற்கு அம்மாவின் பெயர்: ‘கலா’, 2007. அதற்காகச் சென்னைக்குப் போய் உறுமிக் கலைஞர்களை வாசிக்கவைத்துப் பதிவு செய்தார். அதிலுள்ள ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டைப் போட்டால் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எழுந்து ஆடிவிடுவார்கள்.

மூன்றாவதற்குத் தன் அழைப்புப் பெயரான ‘மாயா’வையே வைத்தார். அந்த மூன்றாவதில்தான் இருட்டு இறங்குகிறது.

முதல் பாட்டு ஒரு நிமிடம்கூட இல்லை. தலையில் மாட்டிய ஹெட்போன் கைப்பேசிக்கு, கைப்பேசி இணையத்துக்கு, இணையம் அரசாங்கத்துக்கு என்று ஒரு சங்கிலியை ஓர் ஆண்குரல் அடுக்கிக்கொண்டே போகிறது. அன்றைக்கு இதை வீண் பயம் என்று சொன்னவர்கள் உண்டு. 2013-இல் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க உளவுத்துறையின் இணையக் கண்காணிப்பு ஆவணங்களை வெளியிட்ட பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

உடனே இரண்டாவது பாட்டு, ‘ஸ்டெப்பின் அப்’. சுவரில் துளைபோடும் டிரில் இருக்கிறதே, அந்தச் சத்தம்தான் இங்கே தாளம். நாம் கேட்டு வளர்ந்த சினிமாப் பாட்டில் ஒரு வயலினுக்கும் அடுத்த புல்லாங்குழலுக்கும் நடுவே கொஞ்சம் காற்று இருக்கும். பாடகர் மூச்சு வாங்க இடம் இருக்கும். இங்கே அந்த இடைவெளியை வேண்டுமென்றே அடைத்திருக்கிறார்கள். மெல்லிய ஒலியும் உரத்த ஒலியும் ஒரே மட்டத்துக்கு ஏற்றப்பட்டு, விளிம்பில் கரகரவென்று உடைகின்றன. அவர் குரலும் அந்த நெரிசலுக்குள்ளிருந்துதான் வருகிறது. செம்பனை ஆலைக்கு முதல்நாள் வேலைக்குப் போனவருக்கு எல்லாம் ஒரே இரைச்சல். பழகியவர் காது, எந்த இயந்திரம் எங்கே ஓடுகிறதென்று பிரித்துச் சொல்லும். இந்தத் தொகுப்பும் அப்படித்தான், இரண்டாம் தடவைதான் திறக்கிறது.

இத்தனை நெரிசல் எதற்கு? 2009 பிப்ரவரியில் அவருக்கு மகன் பிறந்தான். அதே ஆண்டு மே மாதம் இலங்கைப் போர் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. கடல் கடந்து இருந்த தமிழர்களுக்கு அந்தப் போர் திரையில் வந்தது. பார்க்க முடிந்தது, தடுக்க முடியவில்லை. மலேசியாவிலும் அந்த நாட்களில் சோறு இறங்காத வீடுகள் உண்டு. தொகுப்பின் அட்டையில் யூடியூப் காணொளிகளின் ஓடுபட்டைகள் அடுக்கடுக்காக விழுந்து அவருடைய முகத்தை மறைக்கின்றன. அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டால், இந்த இசைக்கு ஏன் ஜன்னல் வைக்கவில்லை என்று எனக்குப் புரிகிறது.

‘பார்ன் ஃப்ரீ’ என்ற பாட்டுக்கு அடித்தளம், நியூயார்க்கின் ‘சூயிசைட்’ இரட்டையர் 1977-இல் வெளியிட்ட ‘கோஸ்ட் ரைடர்’. அந்தப் பழைய உறுமலின் மேல் இவர் கத்திப் பாடுகிறார். தொகுப்பின் உச்சம் இதுதான். ‘எக்ஸ் எக்ஸ் எக்ஸ் ஓ’ மட்டும் வானொலிக்காகவே செய்த பாட்டுப்போல் தனியே நிற்கிறது. அது இல்லாவிட்டாலும் குறையில்லை. கடைசிப் பாட்டு ‘ஸ்பேஸ்’. பன்னிரண்டு பாடல்களில் அதுவரை கிடைக்காத காற்று அங்கேதான் கொஞ்சம் கிடைக்கிறது.

விமர்சகர்கள் சிலர் இதை வெறும் இரைச்சல் என்று தள்ளினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அழுகையை ஒப்பாரியாக மட்டும்தான் வைக்க வேண்டுமென்று சட்டமில்லை. நம் இனத்துப் பெண் ஒருத்தி, தன் காலத்து இயந்திரங்களைக் கொண்டு வைத்த புலம்பல் இது.

சில பாடல்களில் கடுமையான சொற்கள் உண்டு. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டை மாற்றாமல், நடுவில் கைப்பேசியை எடுக்காமல், முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேளுங்கள். பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, இரண்டாம் தடவையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.