பேரீச்சந்தூண் நிற்கும் தவக்குடில்



ஸ்பெயினில் சோரியா மாகாணத்துச் சிற்றூர் காசியாஸ் தெ பெர்லாங்கா. அதன் பக்கத்துப் பொட்டல்வெளியில் ஒரு கல்கட்டடம் நிற்கிறது. நான்கு மொட்டைச் சுவர், ஓட்டுக் கூரை, குதிரை லாட வளைவில் ஒரு வாசல். களஞ்சியம் என்று எண்ணி யாரும் கடந்துவிடுவார்கள். அதுதான் சான் பவுதேலியோ தவக்குடில். கிறிஸ்தவ அரசர்களும் இஸ்லாமிய அரசர்களும் மாறிமாறிப் பிடித்த எல்லைநிலத்தில், 11ஆம் நூற்றாண்டில் எழுந்த கத்தோலிக்கச் சிற்றாலயம்.

உள்ளே நுழைந்தவர் மூச்சடைத்து நிற்பார்.

நடுவில் ஒரே ஒரு தூண். அதன் தலையிலிருந்து எட்டு வளைவுகள் மட்டைகளாக விரிந்து கூரையைத் தாங்குகின்றன. பேரீச்ச மரமே கல்லாய் முளைத்ததுபோல! மட்டைகள் பிரியும் உச்சியில் ஆள் ஒடுங்கும் அளவுக்கு ஒரு சிற்றறை. ஒருபுறம் குட்டைத் தூண்கள்மேல் பாடகர் மாடம். அதன் லாட வளைவுகள் கோர்தோபாப் பள்ளிவாசலை நினைவூட்டும். அவற்றின் பின்னால் ஒரு குகைவாய். முதலில் தவமிருந்த துறவியின் இருப்பிடம் அதுவே என்று கருதுகிறார்கள். கட்டியவர்கள் அதை மூடாமல் ஆலயத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். அந்தப் பணிவு எத்தனை பேருக்கு வரும்?

12ஆம் நூற்றாண்டில் சுவரெங்கும் ஓவியம் தீட்டினார்கள். மேலே இயேசுவின் வாழ்க்கை. கீழே முயல்வேட்டை, கரடி, ஒட்டகம், முதுகில் கோட்டை சுமக்கும் யானை. யானை வாழாத நாட்டில் யானை!

1917இல் அரசு இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. உரிமையோ ஊர்க்காரர்கள் கையில். 1922இல் கலைப்பொருள் வணிகர் ஒருவர் 65,000 பெசெத்தாவுக்கு ஓவியங்களை விலைபேசி வாங்கினார். விற்பனையை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விற்றவர்கள் பக்கம் தீர்ப்பானது. சுவரில் துணியைப் பசையிட்டு ஒட்டி, காய்ந்ததும் தோலை உரிப்பதுபோல் வண்ணப்படலத்தை உரித்தார்கள். துண்டுதுண்டாக அமெரிக்கா கொண்டுபோனார்கள். சட்டப்படி சரி, ஆனாலும் அநியாயம். அந்தப் பழி விற்ற ஊர்க்காரர்களுக்கு உரியதன்று. பட்டம் மட்டும் கொடுத்துவிட்டுக் காவல் கொடுக்காத சட்டத்துக்கே உரியது.

1957இல் ஆறு ஓவியங்கள் மட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்துக்குத் திரும்பின. அதற்கு விலையாக ஃபுவெந்திதுவேஞா ஊர்த் தேவாலயத்தின் பீடப்பகுதி கல்கல்லாகப் பிரிக்கப்பட்டு நியூயார்க் போனது. இன்று யானை பிராடோவில். ஒட்டகம் நியூயார்க் குளோய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில்.

உரித்த சுவரில் சாயம் இன்னும் மங்கலாகத் தங்கியிருக்கிறது. மட்ரிட் போகிறவர்கள் பிராடோவோடு திரும்பிவிடாதீர்கள். இன்னொரு நாள் ஒதுக்கி, சோரியாவுக்குப் போய் அந்தச் சுவரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.