செவ்வியலும் இரண்டு சக்கரங்களும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'செவ்வியல்' பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர்கள், சங்கப் பாடல்களில் தொடங்குவேன் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் மோட்டார் சைக்கிளில் தொடங்குகிறேன். எது செவ்வியல், எது வெறும் பழசு, அதைத் தீர்ப்பவர் யார் என்ற வழக்கு நம் கருத்தரங்குகளில் நடப்பதைவிட மெக்கானிக் கடை வாசல்களில் சூடாக நடக்கிறது என்பதே காரணம்.

முதலில் சொல். 'கிளாசிக்' என்பதன் வேர் ரோமாபுரியின் வரிக்கணக்கில் இருக்கிறது. அங்கே குடிமக்களைச் சொத்தின் அளவைக்கொண்டு வகுப்புகளாகப் பிரித்தார்கள். முதல் வகுப்பைச் சேர்ந்தவன் 'கிளாஸிகஸ்'. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆலஸ் கெல்லியஸ் எழுதிய நூலில் அச்சொல் எழுத்தாளர்மீது ஏறுகிறது. மேற்கோளுக்குரிய எழுத்தாளன் முதல் வகுப்பினன். பிள்ளைகளைத் தவிர வேறு சொத்தில்லாத கடைசிக் குடியினன் அல்லன். இன்றைக்கு நாம் அழகியல் என்று பேசுகிற சொல்லுக்குள் சொத்துக் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி வண்டிக்கு வருவோம். இந்தியாவில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வருவது புல்லட். பெயர் 1932இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு ஆலையில் பிறந்தது. நாம் அறிந்த 350 சி.சி. உருவம் 1949இல் வந்தது. பின்சக்கரத்துக்கு ஊசலாடும் தாங்கி கொடுத்தது அன்று புதுமை. அதாவது, செவ்வியல் என்று நாம் வணங்கும் அந்த வண்டி பிறந்தபோது நவீனமானது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுறவில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. திருவொற்றியூரில் உற்பத்தி நடந்தது. பிறகு ஒரு விந்தை. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது; சில ஆண்டுகளில் தாய் நிறுவனமே மறைந்தது. திருவொற்றியூர் மட்டும் அந்த வண்டியைச் செய்துகொண்டே இருந்தது. 1977இல் அதையே இங்கிலாந்துக்கு ஏற்றுமதியும் செய்தது. மூலம் தொலைந்து, படி எடுத்தவன் வீட்டுச் சுவடி மூலமாகிவிடும் கதை நமக்குப் புதிதல்ல.

ஆனால் அந்த வண்டி அவ்வளவு காலம் மாறாதிருந்தது பக்தியினால் என்று நான் நம்பவில்லை. உரிமமும் அனுமதியும் கொண்டு உற்பத்தியைக் கட்டிப்போட்ட காலம் அது. போட்டிக்கு ஆள் குறைவு; வாங்கிய அச்சுகள் கையில் இருந்தன; இராணுவமும் போலீசும் வாங்கிக்கொண்டிருந்தன. மாற்ற வேண்டிய நெருக்கடி எழவில்லை. செவ்வியலின் பிறப்பில் தட்டுப்பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைச் சொல்ல நாம் கூசுகிறோம்.

அதைக் கிளப்புவதும் ஒரு சடங்கு. சாவி போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால் ஓரிடத்தில் அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்; பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்பது பொருள். டீகம்ப்ரஸர் பிடியை இழுத்து உள்ளழுத்தத்தை வெளியே விட்டு, பிஸ்டனை உச்சி தாண்டி ஒரு நூல் நகர்த்தி, பிடியை விட்டு, முழு உடலையும் கொடுத்து உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் பதில் சொல்லும். கியர் வலக்காலுக்கு, பிரேக் இடக்காலுக்கு. இதை ஒரு குறை என்பவர் உண்டு. இதுவே வண்டியின் இலக்கணம், கற்றுக்கொண்டு வா என்பவரும் உண்டு. யாப்பு தெரியாதவன் கவிஞனா என்று இங்கே பத்தாண்டுகளாக நடக்கும் சண்டையின் அச்சு அசல் இது.

ரசனை பிரிவது பெரும்பாலும் செவியில்தான். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிப்பு. ஒற்றை உருளை வண்டி நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 900 சுற்று சுழல்வதாகக் கொண்டால் 450 வெடிப்பு, நொடிக்கு ஏழெட்டு. செவி ஏறக்குறையத் தனித்தனியாகப் பிரித்தறியும் வேகம் அது. சீர் பிரித்துப் படிப்பதுபோல் கேட்கிறோம். அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சனில் இரண்டு உருளைகள் 45 பாகைக் கோணத்தில் நிற்கும். இரண்டும் ஒரே முளையைத் திருப்புவதால் வெடிப்புகளின் இடைவெளி 315 பாகை, 405 பாகை என்று மாறி மாறி வரும். குறிலும் நெடிலுமாக நொண்டுகிற அந்தத் தாளத்தை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யும்படி அந்நிறுவனம் 1994இல் விண்ணப்பித்தது. போட்டி நிறுவனங்கள் எதிர்த்தன. 2000இல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. ஒரு சந்தத்துக்கு உரிமை கேட்டு அரசாங்க அலுவலகம் போனவர்களும் இருக்கிறார்கள்!

இரண்டு வீச்சுக்காரர்கள் வேறு மதம். சுற்றுக்கு ஒரு வெடிப்பு, இடைவெளி கிடையாது, ஒரே இழுப்பு. செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா, 1960களின் தொடக்கத்தில் மைசூரில் உற்பத்தியாகி, 1973இலிருந்து யெஸ்டி ஆயிற்று; ஆலை 1996இல் மூடிற்று. கிக்கரையே முன்னோக்கித் திருப்பிக் கியராக்கிக்கொள்ளும் அதன் சிக்கனத்தை வியக்காத மெக்கானிக் இல்லை. 1985இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 வெறும் 98 சி.சி.; எடை நூறு கிலோவை ஒட்டி; ஆனால் முறுக்கினால் பாயும். புல்லட்காரருக்கு அது கொசு. ஆர்எக்ஸ்காரருக்குப் புல்லட் எருமை. இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஒருவர் நீளடியை விரும்புகிறார், மற்றவர் குறளடியை.

இந்த ரசனைக்கு விலையும் உண்டு. அரேபியப் பாலைவனப் போரால் புகழ்பெற்ற டி.ஈ. லாரன்ஸ் பிரஃப் சுப்பீரியர் வண்டிமீது பித்துக்கொண்ட எழுத்தாளர். 1935 மே மாதம் அந்த வண்டியிலிருந்து விழுந்து, சில நாள் கழித்து இறந்தார். அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் பின்னர் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்தார்; தலைக்கவசம் பரவ அந்த ஆய்வு காரணமாயிற்று. கவிஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும், குறிப்பாகத் தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு இங்கே வந்திருப்பவர்கள்.

பழைய வண்டியைப் புதுக்குவோரிடையே ஒரு பெரும் பிளவு இருக்கிறது. எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பொருந்த வேண்டும். போல்ட்டு முதல் அந்த ஆண்டினதாக இருக்க வேண்டும். 6 வோல்ட் விளக்கு மங்கலாக எரிந்தாலும் அதுவே பாடம் என்பார் ஒரு சாரார். வண்டி ஓடுவதற்கு, 12 வோல்ட்டும் நல்ல பிரேக்கும் போடாமல் இரவில் நெடுஞ்சாலையில் போய்ச் சாகவா என்பார் மறுசாரார். 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிடப் பல சுவடிகளை ஒப்பிட்டு உழைத்ததை நாம் போற்றுகிறோம். பாடபேதம் பார்ப்பவனின் நேர்மை எனக்கு முதல் சாராரிடம் பிடிக்கிறது. ஆனால் கண்ணாடிப் பேழையில் நிற்கும் வண்டியைவிட, மாற்றியதை இன்னது என்று குறித்துவைத்துக்கொண்டு ஓட்டுகிறவனின் வண்டிக்கே என் வாக்கு.

நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. 2009இல் 'கிளாசிக்' என்றே பெயரிட்ட புது வண்டியை ராயல் என்ஃபீல்டு இந்தியச் சந்தையில் இறக்கியது. 1950களின் சாயலில் உடல். உள்ளே புதிய எஞ்சின். பொத்தானை அழுத்தினால் கிளம்பும். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் அதையொட்டியே விடைபெற்றது. தொல்காப்பியர் வனப்பு எட்டனுள் பழங்கதை தழுவும் தொன்மையையும், புதிதாகப் புனையும் விருந்தையும் அடுத்தடுத்த இருக்கையில் அமர்த்தாவிட்டாலும் ஒரே பந்தியில் அமர்த்தினார். இந்த வண்டி தொன்மையின் வேட்டியைக் கட்டிக்கொண்ட விருந்து. அதில் குற்றமில்லை. தன் பெயரிலேயே பட்டத்தை எழுதிக்கொண்டு பிறப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 'மகாகவி' என்று அட்டையில் அச்சடித்துக்கொண்டு முதல் தொகுப்பை வெளியிடுபவரை நாம் என்ன சொல்வோம்?

இப்போது கெல்லியஸின் கடைசி வகுப்புக்கு வருகிறேன். 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. கம்பீரம் இல்லை, போலீஸ்காரரோ மிராசுதாரரோ ஏறி ஊர் சுற்றும் வண்டியும் இல்லை. பால் கேன், மீன் கூடை, துணி மூட்டை, இளநீர்க் குலை, முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி என்று தமிழ்நாட்டின் சில்லறை வாழ்வு முழுதும் அதன்மேல் நகர்ந்தது. ஜப்பானில் 1958இல் பிறந்த ஹோண்டா சூப்பர் கப் 2017இல் பத்துக் கோடி எண்ணிக்கையைத் தொட்டது. அந்த எளிய வண்டியை உலகம் செவ்வியல் என்று ஒப்புக்கொண்டுவிட்டது. 1998இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் நூற்றுக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களைக் கலைப்பொருளாக வைத்தபோது முகம் சுளித்த விமர்சகர்களும் உண்டு. நம் டிவிஎஸ் 50க்கு முகம் சுளிக்கவும் ஆள் இல்லை. பேச்சிலேயே அது வருவதில்லை.

அதற்குப் பதிப்பாசிரியரும் இல்லை. புல்லட்டைப் புதுக்க ஊர்தோறும் கைகள் இருக்கின்றன. டிவிஎஸ் 50ஐ அதன் சொந்தக்காரன் உயிர் போகும்வரை ஓட்டினான். பிறகு பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டான். அதன் வழித்தோன்றலான எக்ஸெல் 100 இன்றும் மூட்டை சுமக்கிறது. இந்த வட்டத்தின் கவிஞர்களில் எவரேனும் அந்த வண்டியை எழுதியிருந்தால், மாலைக் கவியரங்கில் அதையும் வாசிக்குமாறு கேட்டு அமர்கிறேன்.